நிமிர்ந்த கம்பிக்கு மட்டும் கேட்ட குரல்

மெக்கானிக் அந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது காலை பத்து மணி. நல்ல வெயில். தொட்டிச் செடிகள் தண்ணீர் காணாமல் வாடியிருந்தன. வீட்டின் பின்னால், கூரைக்கும் மேலே, பத்து மீட்டர் உயர அலுமினிய ஆண்டெனாக் கம்பம் ஒன்று விறைப்பாக நின்றது. அதைக் கழற்றிக்கொண்டு போகத்தான் வீட்டுக்காரரின் மகள் அவரை வரச் சொல்லியிருந்தாள்.

வீட்டுக்காரர் இறந்து இருபது நாள் ஆகியிருந்தது.

மெக்கானிக்குக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. ஓய்வு நேரத்தில் ஹாம் ரேடியோ. உரிமம் வாங்கிச் சொந்தக் கருவியில் ஊர் உலகத்தோடு பேசுகிற கூட்டத்தில் அவர் ஒருவர், இறந்துபோன பெரியவர் இன்னொருவர். பெரியவர் இருபது கிலோமீட்டர் தள்ளியிருந்து தினமும் காலையில் பேச வருவார். அவருடைய ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வரலாம். 'ஆமையார்' என்று அவருக்குப் பெயர் வைத்ததே மெக்கானிக்தான். கூட்டமே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. ஒருநாள் அது பெரியவர் காதிலும் விழுந்தது. அவரும் கூடச் சேர்ந்து மெதுவாகச் சிரித்தார்.

"வாங்க சார்," என்றாள் மகள். "அப்பாவுக்கு எப்பவும் உங்க பேச்சுதான்."

ரேடியோ அறையில் ஜன்னல் திறந்திருந்தும் தைல வாடை போகவில்லை. அவள் தரையைக் காட்டினாள்.

"இங்கதான் சார். நாற்காலியோட சாய்ஞ்சிருக்காரு. மைக்கை விடவே இல்ல. நான் ரெண்டு நாள் கழிச்சுதான் வந்து பாத்தேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அந்த ஞாயித்துக்கிழமை காலைல நீங்க ரேடியோல இருந்தீங்களா? அப்பா யாரையாவது கூப்பிட்டாரா?"

"இல்லம்மா. நான் அன்னிக்கு ஊர்லயே இல்ல."

வாய் கூசாமல் வந்துவிட்டது பொய்.

அந்த ஞாயிறு அவர் வீட்டில்தான் இருந்தார். மொட்டைமாடியில் புதிதாக ஒரு நிமிர்ந்த ஆண்டெனாவை நட்டு, அதன் அடியிலிருந்து பதினாறு செப்புக் கம்பிகளை நாலா பக்கமும் தரையோடு விரித்து, சோதனை செய்துகொண்டிருந்தார். பழைய ஆண்டெனா படுக்கைவாட்டில் கட்டிய நீளக் கம்பி. கீழே ரேடியோ மேசைமேல் ஒரு சுவிட்ச். இந்தப் பக்கம் திருப்பினால் புதியது, அந்தப் பக்கம் திருப்பினால் பழையது. எதில் யார் குரல் நன்றாகக் கேட்கிறது என்று தாளில் குறித்துக்கொண்டே வந்தார்.

எட்டு இருபதுக்குப் பெரியவரின் குரல் வந்தது.

"யாராவது... இருக்கீங்களா? ஒரு... உதவி..."

இன்றைக்கு ஒரு மணி நேரம் போச்சு என்று மெக்கானிக் நினைத்தார். சுவிட்சை அந்தப் பக்கம் திருப்பினார். நிமிர்ந்த கம்பி அனுப்புவதை நிமிர்ந்த கம்பிதான் நன்றாகப் பிடிக்கும். படுத்திருந்த பழைய கம்பியில் பெரியவரின் குரல் அடியோடு அடங்கிவிட்டது. பெரியவரும் அந்த வாரம்தான் படுக்கைக் கம்பியை விட்டு நிமிர்ந்த கம்பத்துக்கு மாறியிருந்தார்; கூட்டத்தில் நிமிர்ந்த கம்பி வைத்திருந்தது இவர்கள் இரண்டு பேர்தான். ஆக, அந்தக் குரல் வேறு யாருக்கும் கேட்டிருக்க வழியில்லை.

இத்தனையும் நெஞ்சில் கிடந்து குடைய, அவர் கம்பத்தைத் துண்டு துண்டாகக் கழற்றி வண்டியில் கட்டினார். மகள் ஒரு நோட்டையும் கொடுத்தாள். "எல்லாம் உங்க ரேடியோ பாஷை. எனக்கு ஒண்ணும் புரியல. நீங்களே வச்சுக்குங்க."

வீட்டுக்கு வந்து கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். எழுத்துகள் கோணல்மாணலாக ஓடின.

'காலை 8.15. மெக்கானிக் தம்பி சோதனை செய்கிறார். கேட்கிறது. நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது. அவரைக் கூப்பிடலாம்.'

மெக்கானிக் நோட்டை மூடினார். மனைவி வந்து சாப்பிடக் கூப்பிட்டதற்குப் பசியில்லை என்றார். அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் தன் கம்பத்தை இறக்கிவிட்டு, பெரியவரின் கம்பத்தை அந்த இடத்தில் நட்டார். ஏதோ பரிகாரம் செய்கிற நினைப்பு. கேபிளை இணைத்து, கீழே வந்து ரேடியோவைப் போட்டார். இரைச்சல். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துப் போனார்கள்.

பிறகு இரைச்சல் தானாகத் தணிந்தது.

தைல வாடை வந்தது.

"யாராவது... இருக்கீங்களா?"

கூட்டத்தில் எவனோ குரலைப் பதிவு செய்து வைத்து விளையாடுகிறான் என்று முதலில் நினைத்தார். ஆனால் குரலின் வலுவைக் காட்டும் மீட்டரின் முள் கடைசிக்கே போய் நின்றது. பக்கத்து வீட்டிலிருந்து பேசினால்கூட அப்படி நிற்காது.

"ஒரு... உதவி..."

கை தானாக சுவிட்சுக்குப் போனது. திருப்பினார்.

குரல் அடங்கவில்லை.

கேபிளைப் பிடுங்கினார். வெறும் முனை கையில் ஆடியது. முள் இறங்கவில்லை. மின்சாரத்தை நிறுத்தினார். ரேடியோவின் விளக்கு அணைந்தது.

அணைந்த பெட்டிக்குள்ளிருந்து, நிதானமாக, கோபமே இல்லாமல், அந்தக் குரல் சொன்னது:

"தம்பி... சுவிட்சை... திருப்பாதீங்க."

அந்த சுவிட்ச் விஷயம் அவரைத் தவிர ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது.

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வண்டியை எடுத்தார். பெரியவரின் மகள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். காத்திருந்தவர்கள் நான்கைந்து பேர் பார்க்கப் பார்க்க, கவுண்டருக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் கொட்டினார். ஊரில் இல்லை என்று சொன்ன பொய், ஆமையார் என்று வைத்த பெயர், சுவிட்ச், ஒன்றையும் விடவில்லை.

அவள் கையுறையைக் கழற்றினாள்.

"எத்தனை மணிக்கு சார் கூப்பிட்டாரு?"

"எட்டு இருபது."

"மத்தியானம் வரைக்கும் உயிர் இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னாரு."

திட்டியிருந்தால் தேவலை. அடுத்த ஆளை உள்ளே அழைத்தாள். அங்கிருந்த ஒவ்வொரு கண்ணும் முதுகில் பட, மெக்கானிக் கூனிக் குறுகி வெளியே வந்தார்.

அதன்பின் குரல் வரவில்லை. பெரியவரின் கம்பத்தைக் கழற்றி வேலையிடத்துக் கிடங்கில் போட்டார். பன்னிரண்டு நாள் ரேடியோவைத் தொடவே இல்லை. உண்மையைச் சொல்லித் தொலைத்தாகிவிட்டது, கணக்குத் தீர்ந்தது என்று மனசு மெல்ல லேசானது. அப்படி லேசானதற்காகவும் தனியாக வெட்கப்பட்டார்.

பதின்மூன்றாம் நாள் காலையில் தன் சொந்தக் கம்பத்தை மறுபடி நட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார். நடுக்கடலில் போய்க்கொண்டிருந்த ஒரு சரக்குக் கப்பலிலிருந்து பதில் வந்தது. உற்சாகமான இளம் குரல். வானிலை, அலை, ஆண்டெனாவின் உயரம் என்று பேச்சு கலகலப்பாகப் போயிற்று. பல நாளுக்குப் பிறகு மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்தார்.

"உங்க சிக்னல் அருமை சார்," என்றான் கப்பல்காரன். "ஆனா நீங்களே பேசிட்டிருக்கீங்களே! பக்கத்துல ஒருத்தர் ரொம்ப நேரமா மெதுவா கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. பாவம், அவருக்கும் மைக்கைக் குடுங்க."

மெக்கானிக் திரும்பிப் பார்க்கவில்லை. அறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

மைக்கை மெல்ல வலப்பக்கம் நீட்டினார். பொத்தானை அழுத்திப் பிடித்தார். அவர் காதுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. விரல் மரத்துப் போகும்வரை அழுத்தியிருந்துவிட்டு, பொத்தானை விட்டார்.

"ரொம்ப சந்தோஷம் ஐயா!" என்றான் கப்பல்காரன். "நல்லா கேட்டுச்சு."

"என்ன... என்ன சொன்னாரு?"

"கூடவே இருந்துட்டு என்னைக் கேக்கறீங்களே சார்!" சிரித்தான். "எல்லாம் உங்களைப் பத்திதான். தம்பி தங்கமான பிள்ளை, மனசு சரியில்லாம இருக்காரு, அவரைத் தனியா விட மனசு வரலன்னாரு. இனிமே எங்கயும் போறதா இல்லையாம்."