கடைசி சீட்டுச் சிரிப்பு

பிரைட்டனின் டூரிஸ்ட் வேன் எங்கள் தெருவில் வந்து நின்றால் டீசல் வாடையும் யூக்கலிப்டஸ் தைல வாடையும் சேர்ந்து வரும். டீசல் வண்டியுடையது. தைலம், சளிக்குப் பயந்து நெஞ்சு பூராவும் தடவிக்கொள்ளும் பிரைட்டனுடையது. அடுத்த வீடு என்பதால் எனக்கு இதெல்லாம் தெரியும். நானாகப் போய் விசாரித்ததில்லை.

காலையில் ஊட்டி பஸ் ஸ்டாண்டில் ஆட்களை ஏற்றி, தேயிலைத் தோட்டம், இத்தலார், அவலாஞ்சிப் பக்கத்து ஏரி என்று சுற்றிக்காட்டி, இருட்டுவதற்குள் இறக்கிவிடுவது அவன் தொழில். ஓட்டுவதும் அவனே, மைக்கில் பேசுவதும் அவனே. ஏரி நடுவில் மரம் அடர்ந்த திட்டு ஒன்று உண்டு. அதைத் தீவு என்பான். அங்கே ஒரு ஜோக் வைத்திருந்தான்.

“எம் பொண்டாட்டிகிட்ட கோவிச்சுக்கிட்டு ஒருக்கா அந்தத் தீவுக்கே போயிட்டேனுங்க. என்ன ஒரு நிம்மதி! விடிஞ்சு பாத்தா, கரையில நின்னு கத்தறா: ‘வரப்ப சோப்பு வாங்கிட்டு வாங்க!’”

ஜோக் சுமார்தான். முன்பின் தெரியாத கூட்டத்தில் முதலில் சிரிக்க எல்லோருக்கும் கூச்சம் வேறு. அதற்குத்தான் தபித்தாள். அவனுடைய முதல் மனைவி. சுற்றிப்பார்க்க வந்தவள் போல ஸ்வெட்டரும் கைப்பையுமாகக் கடைசி சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சோப்பு என்றதும் சிரிப்பைத் தொடங்கி வைப்பாள். விக்கல் போல ஆரம்பித்து விசில் போல முடியும். அந்தச் சிரிப்பைக் கேட்டு வேனே சிரிக்கும்.

புருஷனும் பெண்டாட்டியும் இப்படி ஜோடியாக வேலைக்குப் போனதைப் பார்த்து வயிறு எரியாத பெண் எங்கள் தெருவில் இல்லை. என்னையும் சேர்த்துத்தான். என் வீட்டுக்காரர் அய்யாவு என்னோடு ஒரே பஸ்ஸில் வந்தால்கூட, நான் முன்வாசலில் ஏறினால் பின்வாசலில் ஏறுகிறவர்.

போன மழைக்காலத்தில் அந்த ஸ்வெட்டரோடு நனைந்து, காய்ச்சல் கண்டு தபித்தாள் போய்விட்டாள். வருஷம் திரும்புவதற்குள் எல்சாவைக் கட்டிக்கொண்டு வந்தான். நல்ல பெண். ஆனால் செத்தவள் பெயரைச் சொன்னால் முகம் சுருங்கிவிடும்.

“அக்கா, அவங்க எப்புடிச் சிரிப்பாங்க?” என்றாள் ஒரு நாள், துணி காயப்போட்டுக்கொண்டே.

“எதுக்கு கண்ணு?”

“மைக்கப் புடிச்சா இவரு கண்ணாடியில கடைசி சீட்டத்தான் பாக்கறாரு. இனி அங்க நான் உக்காந்து சிரிக்கறேன்னு சொல்லிட்டேன். நீங்களும் வாங்கக்கா. அவங்களவிட நல்லாச் சிரிக்கிறனான்னு நீங்கதான் சொல்லோணும்.”

காசில்லாமல் ஏரி பார்க்கக் கூப்பிடுகிறாள். மறுப்பேனா?

கடைசி சீட்டில் நான் ஓரமாக, எல்சா நடுவில். அவள் பக்கத்து ஜன்னலோரம் காலி. “அங்க தள்ளி உக்காரேன்” என்றேன். “சீட்டு ஈரமா இருக்குதுங்க்கா” என்றாள்.

மழையே இல்லாத நாள் அது.

ஏரியை நெருங்கும்போது மூட்டம் இறங்கியது. தண்ணீர் மறைந்து, திட்டு மட்டும் கறுப்பாக மிதந்தது. நனைந்த கம்பளி வாடை ஒன்று எங்கிருந்தோ வந்தது. பிரைட்டன் மைக்கைத் தட்டினான். பொண்டாட்டி, கோபம், தீவு. எல்சா மூச்சை இழுத்துத் தயாரானாள்.

“...சோப்பு வாங்கிட்டு வாங்க!”

விக்கல் போல ஒரு சிரிப்பு.

எல்சா இன்னும் வாயைத் திறக்கவில்லை.

சிரிப்பு காலி ஜன்னலோரத்திலிருந்து வந்தது. விசிலில் முடிந்தது. வேன் முழுக்கச் சிரித்தது. 

வேறு யாராவது என்றால் கத்தியிருப்பார்கள். எல்சாவுக்கு வந்தது ரோஷம். அடுத்த ஜோக்கில் பாதியிலேயே சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளை முந்தியது. அதற்கடுத்ததில் பிரைட்டன் தொண்டையைச் செருமியதுமே இரண்டு சிரிப்பும் போட்டி போட்டுக் கிளம்பின.

“ஏனுங்க, இன்னும் ஜோக்கே சொல்லலீங்களே?” என்று முன்சீட்டுப் பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

நான் கண்ணாடியைப் பார்த்தேன். பிரைட்டன் புன்னகைத்துக்கொண்டிருந்தான்.

எல்சாவைப் பார்த்து அல்ல.

வீட்டுக்கு வந்ததும் எல்சா அழுதாள். “ஊட்டுல எல்லாம் அவ வாங்குன பாத்திரம், அவ தெச்ச திரை. நான் ஒண்ணும் சொல்லல. அவரு சிரிச்சுப் பாக்கற இடம் ஒண்ணுதானக்கா கேட்டேன்.”

மறுவாரமே, பெட்டி வைக்க இடம் வேண்டும் என்று அடம்பிடித்து, கடைசி சீட்டையே ஒர்க்‌ஷாப்பில் கழற்ற வைத்தாள். அடுத்த பயணத்தில் முன்னால், பிரைட்டன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கல்யாணத்தன்றுகூட அப்படி நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. நான் அவர்களுக்கு நேர் பின்னால்.

ஏரி. மூட்டம். தீவு. சோப்பு.

யாரும் சிரிக்கவில்லை. பெட்டிகளுக்கு நடுவிலிருந்தும் சத்தமில்லை. எல்சா வெற்றியோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

விக்கல்.

மிக அருகில்.

புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் இருந்தது. அங்கே ரெக்சின் மெல்ல அமுங்கிப் பள்ளமானது. இடுப்பால் இடித்துத் தள்ளப்பட்டவள் போல எல்சா கதவோரம் ஒதுங்கினாள். நனைந்த கம்பளி வாடை மறுபடி வந்தது.

ஆட்களை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு வேன் எங்கள் தெருவுக்கு வந்தது. நான் இறங்கினேன். எல்சாவும் இறங்கினாள். கதவைப் பிடித்தபடி அந்தப் பள்ளத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

“எறங்குடி.”

பள்ளம் அசையவில்லை.

“அவரு எம் புருசன். எறங்குடி!”

கதவு அவள் கையிலிருந்து நழுவி, அவசரமில்லாமல், உள்ளிருந்து சாத்திக்கொண்டது.

பிரைட்டன் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு, பக்கத்தில் லேசாகச் சாய்ந்து, தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லத் தொடங்கினான். தீவு ஜோக் இல்லை. அவனுடைய எல்லா ஜோக்கும் எனக்கு மனப்பாடம். அவன் உதடு அசைந்த விதம் அதில் எதற்கும் பொருந்தவில்லை.

“என்னக்கா சொல்றாரு?” எல்சா என் கையைப் பிடித்தாள். “எங்கிட்ட இப்படிப் பேசுனதே இல்லீங்க்கா.”

எனக்கே கேட்கவில்லை.

அவள் ஜன்னல் கண்ணாடியில் முகத்தை அழுத்திக்கொண்டாள். அவள் மூச்சு வெளிப்பக்கம் வட்டமாகப் படிந்தது. உள்ளே பிரைட்டன் சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தான்.

எல்சாவின் முகத்துக்கு நேர் எதிரே, கண்ணாடியின் உட்பக்கம், இன்னொரு மூச்சு படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது.

சிரித்துச் சிரித்து மூச்சு வாங்குகிறவளுடையதைப் போல.