திக்கித் திக்கி ஓடிய குதிரை

பிரம்மநாயகம் மாமா தம் கடைக்கு ‘மகாராஜா கேமிங் பேலஸ்’ என்று பெயர் வைத்திருந்தார். மும்பை தாராவியில், தொண்ணூறடி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது அந்த அரண்மனை. உள்ளே ஐந்து பேர் உட்கார்ந்தால், ஆறாவது ஆள் செருப்புகளோடு வெளியே நிற்க வேண்டும்.

மாமா யாருக்கும் சொந்த மாமா இல்லை. ஆனால் கம்ப்யூட்டர் விஷயத்தில் அந்தச் சந்துக்கே தாம்தான் மாமா என்பது அவருடைய எண்ணம்.

“வாஷியில ஒரு கம்பெனி கம்ப்யூட்டரையே கழட்டிப் போட்டவன் நான்” என்று அடிக்கடி சொல்வார். திரும்ப மாட்டினாரா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

போன வாரம் அவர் ஒரு புதிய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தார். கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஏழு நிறத்தில் விளக்குகள். திரையில் படம் வரைய, செங்கல் பருமனில் ஒரு கிராபிக்ஸ் கார்டு. தேங்காய் உடைத்து, மவுஸுக்குக் குங்குமம் வைத்துத்தான் அதைத் திறந்தார். அன்று முழுவதும் தொட்டவர்கள் விரலெல்லாம் சிவப்பு.

அந்தக் கம்ப்யூட்டருக்காக எல்லாரையும் விட அதிகம் காத்திருந்தவர்கள் கனகவள்ளியும் சாதியாவும்.

இருவருக்கும் பதினொரு வயது. பள்ளியில் ஒரே பெஞ்ச். மூன்று மாதமாக வாரம் ஒரு மணி நேரம், ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து, ஒரு விளையாட்டை ஆடி வந்தார்கள். அதற்கு ஆங்கிலத்தில் வாய் கொள்ளாத நீளத்தில் ஒரு பெயர் இருந்தது. சந்துப் பிள்ளைகளுக்கு அது ‘குதிரை கேம்’.

பாலைவனம், காடு, பனிமலை எல்லாம் தாண்டி, ஒரு கடிதத்தை ராணியின் கையில் சேர்க்க வேண்டும். கனகவள்ளி குதிரையை ஓட்டுவாள். சாதியா வரைபடத்தைப் பார்த்து வழி சொல்வாள். எல்லாம் தாண்டியாகிவிட்டது. தலைநகரம் மட்டும்தான் பாக்கி. அதன் வாசலுக்குப் போனாலே பழைய கம்ப்யூட்டர் அணைந்துவிடும்.

இதில் அவசரம் ஒன்றும் இருந்தது. சாதியாவின் வாப்பாவுக்குத் தொலைவில் அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு வீட்டுச் சாமான்களோடு டெம்போ கிளம்புகிறது. அதற்குள் கடிதத்தை இருவரும் சேர்ந்து கொடுத்துவிட வேண்டும்.

சனிக்கிழமை புதிய கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார்கள். முதலில், ஏற்கெனவே தாண்டிய பாலைவனத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். குதிரை வெண்ணெயில் கத்தி போல ஓடியது.

“அரே, மக்கன்” என்று வெண்ணெயை இந்தியில் சொன்னாள் சாதியா.

தலைநகரத்துக்குள் நுழைந்தார்கள். அங்கே திருவிழா. நூற்றுக்கணக்கான மனிதர்கள், வண்டிகள், ஆடுகள், புறாக்கள். மணி அடித்து முடிவதற்குள் கடைத்தெருவைத் தாண்டவேண்டும். இல்லையென்றால் அரண்மனைக் கதவு மூடிவிடும்.

குதிரை ஓர் அடி வைத்தது. நின்றது. பிறகு திடீரென்று பத்தடி தள்ளி, ஒரு வாழைப்பழ வண்டிக்குள் இருந்தது.

“லெஃப்ட்ல போகச் சொன்னேன்ல?”

“லெஃப்ட்தான் அமுக்குதேன். அது யோசிச்சு யோசிச்சுத் திரும்புது.”

ஆறு முறை முயன்றார்கள். ஆறு முறையும் கதவு மூடியது.

மாமா வந்து பார்த்தார். கன்னத்தில் கை வைத்தார். “கண்ணு பட்டிருக்கு” என்றார்.

ஓர் எலுமிச்சம்பழத்தையும் ஏழு பச்சை மிளகாயையும் நூலில் கோத்துக் கண்ணாடிப் பெட்டியில் கட்டினார். ஏழாவது முறை, குதிரை போய் மோதியது எலுமிச்சம்பழ வண்டியில்.

“அப்போ கார்டு பத்தல” என்றார் மாமா. “இதைவிடப் பெரிய கார்டு போடணும். பத்து நாள்ல வந்துரும்.”

“நாளைக்குச் சாயங்காலம் நாங்க போறோமே, மாமா” என்றாள் சாதியா.

“பெரிய வேலைன்னா பொறுமை வேணும்ளா.”

திரும்பி வரும்போது சாதியா அழவில்லை. “நீ மட்டும் முடிச்சுட்டு எனக்குப் போன்ல சொல்லு” என்று மட்டும் சொன்னாள். அழுதிருந்தால் கூடக் கனகவள்ளிக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் விடிந்தபோது கனகவள்ளியின் வீட்டில் இட்லி வெந்துகொண்டிருந்தது. அவர்கள் வீட்டு வியாபாரமே அதுதான். ஞாயிறு என்றால் இரண்டு மடங்கு இட்லி வேண்டும். அதற்காக அப்பா போன மாதம் இரண்டாவது இட்லிக் கொப்பரை வாங்கியிருந்தார். முதல் கொப்பரையைவிடப் பெரியது. பளபளவென்று இருந்தது. ஆனால் மூடியைத் திறந்தால் உள்ளே தண்ணீர் மட்டும் கொதித்தது.

“ஏம்மா, இது சும்மா கொதிக்குது?”

“பின்னே? தட்டுல மாவு ஊத்துதது நான் ஒருத்திதானே” என்றாள் அம்மா. “ஒங்கப்பா கொப்பரையை வாங்குனாரு, கையை வாங்கலையே. அடுத்து மூணாவது கொப்பரையாம். ஊத்துத கை ஒண்ணா இருக்க வரைக்கும் முப்பது கொப்பரை வச்சாலும் இட்லி அவ்வளவுதான்.”

கனகவள்ளி கொப்பரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்னட்டி முழிக்க? கரண்டியை எடு.”

அவள் கரண்டியை எடுத்தாள். ஒன்பது மணிவரை மாவு ஊற்றினாள். பத்து மணிக்கு சாதியாவை இழுத்துக்கொண்டு மாமாவின் அரண்மனை வாசலில் நின்றாள்.

“மாமா, உள்ள எது எவ்வளவு வேலை பாக்குதுன்னு இந்தக் கம்ப்யூட்டர் காட்டுமா?”

“காட்டும். ஆனா சின்னப் பிள்ளைகளுக்குப் புரியாது” என்றார் மாமா. ஆனாலும் தமக்குத் தெரிந்ததைக் காட்டாமல் இருக்க அவரால் முடியாது. விசையைத் தட்டினார். திரையின் மூலையில் எண்கள் வந்தன.

தலைநகரத்துக்குள் குதிரையை விட்டார்கள். குதிரை திக்கியது. கிராபிக்ஸ் கார்டுக்கு நேரே முப்பத்தெட்டு என்று இருந்தது. பிராசசருக்கு நேரே நூறு.

“பாத்தியா” என்றார் மாமா. “என் பிராசசர் நூத்துக்கு நூறு.”

“இது பரீட்சை மார்க் இல்லையே மாமா” என்றாள் கனகவள்ளி. “நூறுன்னா, இதுக்கு மேல என்னால முடியாதுன்னு சொல்லுதுல்லா?”

மாமா கனைத்துக்கொண்டார்.

கனகவள்ளி படத்தின் தரத்தைக் குறைத்துப் பார்த்தாள். ராணியின் கொடி மங்கியது. கார்டின் எண் இருபதுக்கு இறங்கியது. குதிரை அப்படியேதான் திக்கியது.

“கார்டு பாதி நேரம் சும்மா இருக்கு மாமா. எங்க வீட்டு ரெண்டாவது கொப்பரை மாதிரி.”

“கம்ப்யூட்டருக்குள்ள எங்களா கொப்பரை வந்துச்சு?”

“இத்தனை ஆளு, இத்தனை ஆடு, எது எங்க நடக்கணும்னு கணக்குப் போடுதது கார்டா?”

“சேச்சே. அது பிராசசர் வேலை. அது கணக்குப் போட்டுச் சொன்னாத்தான் கார்டு படம் வரையும்.”

“அது சொல்ல லேட்டானா?”

“சொல்லுத வரைக்கும் கார்டு சும்மா...” மாமாவின் குரல் பாதியில் மெலிந்தது.

“இது நல்ல பிராசசரா மாமா?” என்று சாதியா கேட்டாள்.

மாமா கதவுப்பக்கம் பார்த்தார். வெளியே யாரும் இல்லை. “பழைய கம்ப்யூட்டர் ஒண்ணுல இருந்ததைத்தான் போர்டோட கழட்டி இதுல வச்சேன்” என்றார். “மேல பெரிய காத்தாடி மூடிக்கிடும். கண்ணுக்குத் தெரியாத சாமானை எதுக்குப் புதுசா வாங்கணும்னு...”

பாலைவனத்தில் பிராசசருக்கு வேலை குறைவு. மணல் எங்கும் நடக்காது. திருவிழாவில்தான் திணறியிருக்கிறது, பாவம்.

கனகவள்ளி செட்டிங்கைத் திறந்தாள். ‘கூட்டம்’ என்பதற்கு எதிரே ‘மிக அதிகம்’ என்று இருந்தது. அதை ‘மிகக் குறைவு’ ஆக்கினாள்.

“கூட்டத்தைக் குறைச்சா தலைநகரத்துக்கு என்ன மரியாதை?” என்றார் மாமா.

“கதவு மூடுததுக்குள்ள போனாப் போதும் மாமா” என்றாள் கனகவள்ளி. “ பின்னாடி ஓடுத வேற வேலையையும் நிறுத்துவோமா?”

பின்னணியில் ஒரு சினிமா இறங்கிக்கொண்டிருந்தது. விளக்குகளை ஆட வைக்க ஒரு புரோகிராம் ஓடியது. மாமா சினிமாவை உடனே நிறுத்தினார். விளக்கை நிறுத்துவதற்கு முன்னால் மட்டும் அதை ஒரு தடவை கண் நிறையப் பார்த்துக்கொண்டார்.

மணி அடிக்கத் தொடங்கியது.

“நேரா போ. இப்ப லெஃப்ட். லெஃப்ட்னா லெஃப்ட்” என்றாள் சாதியா. குதிரை லெஃப்ட் என்றதும் திரும்பியது. வாழைப்பழ வண்டியைத் தாண்டியது. படிக்கட்டில் ஏறியது. கடைசி மணிக்கு முன்னால், மூடப்போன கதவின் இடுக்கில் புகுந்து உள்ளே போய் நின்றது.

இருவரும் ஒரே நாற்காலியில் குதித்ததில் நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது.

ராணி மாடத்துக்கு வந்தாள். கையை விரித்தாள். கீழே திரண்டிருந்தவர்கள் பதினேழு பேரும் ஓர் ஆடும்.

சாதியா திரையில் வந்த ஆங்கிலத்தைப் படித்துச் சொன்னாள். “கடல் மாதிரி ஜனம் வந்திருக்கீங்களாம்.”

ஆடு சுற்றுமுற்றும் பார்த்தது. சாதியா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். கடிதத்தைக் கொடுக்கும் பொத்தானை இருவரும் ஒரே விரலாகச் சேர்த்து அழுத்தினார்கள்.

வெளியே கூடிய பையன்களிடம் மாமா, “எனக்கு நேத்தே ஒரு சந்தேகம்தான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“மாமா நம்பரைக் காட்டுனதாலதான் கண்டுபிடிச்சோம்” என்றாள் கனகவள்ளி. அது உண்மைதானே.

மாமா போனை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார். “அண்ணே, கார்டு வேண்டாம். நல்ல பிராசசரும் அதுக்கேத்த போர்டும் சொல்லுங்க... அதுல லைட் எரியுமா?”

நான்கு மணிக்கு டெம்போ கிளம்பியது. பீரோவுக்கும் மெத்தைக்கும் நடுவில் சாதியா ஏறி உட்கார்ந்தாள். கனகவள்ளி கை காட்டுவதற்காகத் தொண்ணூறடி ரோடு வரை வந்தாள்.

ரோட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. காய்கறி வண்டிகள், ஆட்டோக்கள், பலூன்காரர், கல்யாண ஊர்வலம் ஒன்று. டெம்போ ஓர் அடி போனது. நின்றது. இன்னோர் அடி போனது. மறுபடி நின்றது. டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார்.

கனகவள்ளி டெம்போவோடு கூடவே நடந்தாள். சாதியா மெத்தையிலிருந்து குனிந்து பேசினாள். பத்து நிமிட ரோட்டைக் கடக்க முக்கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் இருவரும் பேசிக்கொண்டே போனார்கள்.