நகராத எண்பத்து நான்கு

தையல் போட்ட வயிற்றைத் தலையணையால் அழுத்திக்கொண்டு, கண்ணில் நீர் தெறிக்க, அக்கா ஒரு முழு நிமிடம் இருமினாள். தலைமாட்டு மானிட்டரில் நாடித்துடிப்பு எண்பத்து நான்கு. இருமல் அடங்கிய பிறகும் எண்பத்து நான்கு.

"ஏண்டி, டிவி பார்க்க வந்தியா, என்னைப் பார்க்க வந்தியா?"

"சும்மா இரு அக்கா. இது எங்க கம்பெனி மெஷின்."

"அப்ப நான் பொழைச்ச மாதிரிதான்!" சிரிக்கப் போய் வயிறு இழுத்தது. "சிரிக்க வைக்காதடி சனியனே" என்று முனகியபடி அக்கா கண்ணை மூடினாள்.

தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. மருந்து நெடியும் இப்போதுதான் துடைத்த தரையின் ஈர வாசனையும் கலந்த அந்த நீளமான வார்டில், மதிய வெயில் திரைச்சீலை வழியாக மஞ்சளாக வடிந்துகொண்டிருக்க, அக்காவின் மானிட்டர் எழுப்பிய டிக், டிக் சத்தம் காதில் முள்ளாகக் குத்தியது. அத்தனை ஒழுங்கு. உயிருள்ள துடிப்பு அப்படி ஒரே எண்ணில் நிற்காது. எண்பத்திரண்டு, எண்பத்தேழு என்று தள்ளாடிக்கொண்டே இருக்கும்.

அந்த மெஷினுக்கு சி மொழியில் நிரல் எழுதியவள் அவள்தான். நடுவே சில வரிகள் மட்டும் அசெம்பிளி, மெஷினின் சில்லோடு நேரடியாகப் பேசும் மொழி. சென்சாரிலிருந்து துடிப்பை எடுத்து, நினைவகத்தில் ஓர் இடத்தில் போடும் வரிகள். அந்த இடத்தின் முகவரியை அசெம்பிளிக்குக் கொடுத்தால் மட்டும் போதாது. அங்கே இருப்பது மாறும் என்று 'மெமரி' என்ற ஒற்றைச் சொல்லைப் போட்டு, நிரலை மெஷினுக்கு மொழிபெயர்க்கும் கம்பைலரை எச்சரிக்க வேண்டும். எச்சரிக்காவிட்டால், முதல் தடவை படித்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அது அந்தப் பக்கம் திரும்பியே பார்க்காது.

அந்தச் சொல்லை அவள் எழுதித்தான் இருந்தாள்.

வராந்தாவுக்கு வந்து மேலாளரைப் போனில் அழைத்தாள். அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் டர்போ.

"சார், அந்த மெமரிங்கிற வார்த்தையை யார் எடுத்தது?"

"நான்தாம்மா. அதனால ஸ்லோ ஆகுது. இப்ப எப்படிப் பறக்குது தெரியுமா? டெஸ்ட் எல்லாம் பாஸ்."

"எதை வெச்சு டெஸ்ட் பண்ணீங்க?"

"நம்ம பொம்மை விரலைத்தான்."

அவளுக்குக் காது மடல் சுட்டது. லேபில் இருக்கும் அந்தப் பிளாஸ்டிக் விரல் ஒரே துடிப்பைத்தான் தரும். எழுபத்தெட்டு. நாளெல்லாம் எழுபத்தெட்டு.

"மாறவே மாறாத பொம்மையை வெச்சு, மாறினா தெரியுதான்னு பார்த்தீங்களா? அதை எடுக்கவே கூடாதுன்னு மூணு மெயில் போட்டேனே! ஒண்ணையாவது படிச்சுத் தொலைச்சீங்களா?"

"கத்தாதம்மா. திங்கட்கிழமை ஒரு மீட்டிங் போட்டு..."

"இங்க படுத்திருக்கிறது என் அக்கா! மீட்டிங்காம், பெரிய மீட்டிங்! அலாரம் அடிக்கிறதும் இதே நம்பரை நம்பித்தான்யா!"

போனை வைத்தாள். அந்த ஆளின் கழுத்தைப் பிடித்து இழுத்துவந்து இங்கே நிறுத்த வேண்டும்.

உள்ளே வந்தாள்.

டிக். டிக்.

அக்காவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. கழுத்தில் இரண்டு விரல் வைத்தாள். ஒன்றுமில்லை. இன்னும் அழுத்தினாள்.

ஒன்றுமில்லை.

"சிஸ்டர்! இங்க வாங்க! துடிப்பு இல்ல!"

நான்காவது படுக்கையருகே நின்ற நர்ஸ் நிமிர்ந்தாள். அக்காவைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தாள்.

"எண்பத்து நாலு இருக்கே மேடம். தூங்கறாங்க."

"அது பொய்யி! ஆளைப் பாரும்மா, ஆளை!"

விரலில் மாட்டியிருந்த கிளிப்பைப் பிடுங்கி எறிந்தாள். எண்பத்து நான்கு. கிளிப்பின் வயரை மெஷினிலிருந்தே உருவினாள்.

எண்பத்து நான்கு. டிக்.

அக்காவின் நெஞ்சில் இரு கைகளையும் ஊன்றி அழுத்தத் தொடங்கினாள். அழுத்தினாள். திட்டினாள். டர்போவை, நர்ஸை, தன்னை. அழுத்தியபடியே தலையைத் தூக்கினாள்.

பத்துப் படுக்கைகள். பத்துத் திரைகள். எழுபத்தொன்று. தொண்ணூறு. அறுபத்தாறு. எதுவும் அசையவில்லை. இத்தனை கூச்சலுக்கும் ஒருவர்கூடத் திரும்பவில்லை. ஒரு போர்வைகூட ஏறி இறங்கவில்லை.

நர்ஸ் ஐந்தாவது திரையைப் பார்த்து அட்டையில் குறித்துக்கொண்டாள். அந்தக் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கையைப் போர்வைக்குள் வைக்கப் பார்த்தாள். முழங்கை மடங்கவில்லை. புன்னகையோடு, இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்தினாள்.