எங்கல்தால் சாப்பாட்டுக்கூடம்

அந்தச் சனிக்கிழமை பதினொன்றரை மணிக்குக் கோபாலசாமியின் வேன் எங்கல்தால் ஊருக்குள் நுழைந்தபோது, வசந்தாமணியின் வயிற்றில் காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடப் போயிருக்கவில்லை.

தொண்ணூற்றாறாம் வருஷம், மகாளய அமாவாசை. ஈரோட்டில் அம்மா இறந்த பிறகு வருகிற முதல் மகாளயம். காக்கைக்குச் சோறு வைத்து, அது வந்து கொத்திய பிறகே வாயில் ஒரு பருக்கை வைப்பது அவள் பிறந்த வீட்டுப் பழக்கம். விடிகாலையிலேயே பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்ட் பால்கனியில் நின்று கூப்பிட்டுப் பார்த்தாள். ஒரு காக்கையும் வரவில்லை. கீழே வேன் ஹாரன் அடித்தது. நெய்யும் பருப்பும் எள்ளும் போட்டுப் பிசைந்த சோற்றைச் சின்ன டப்பாவில் அடைத்துக் கையோடு எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

"ஸ்விட்சர்லாந்து வந்தாச்சு, எல்லாரும் இறங்குங்க!" என்று கோபாலசாமி ஸ்டியரிங்கைத் தட்டினான். அவள் கணவன் குமாரசாமியோடு ஒரே ஆபீஸில் வேலை, இன்னும் கல்யாணமாகவில்லை, சனி ஞாயிறென்றால் யாரையாவது வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவான். "பாஸ்போர்ட் வேணாம், விசா வேணாம். இங்க நின்னு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புங்க அண்ணி. யாரு வந்து செக் பண்ணப் போறா?"

"எங்க அண்ணன் பண்ணுவாருங்க" என்றாள் வசந்தாமணி. "பின்னால அமெரிக்காக் கொடி தெரியாம எடுங்க."

குமாரசாமி சிரித்தான். கிரீன் கார்டு கைக்கு வரும்வரை நாட்டை விட்டு நகரக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருந்தார். அதனால்தான் போன மாசியில் அவள் அம்மாவின் முகத்தைப் பார்க்கக்கூடப் போக முடியவில்லை. அந்தக் குறையை மனசில் வைத்துக்கொண்டுதான் இன்றைக்கு இந்த மலைக்குக் கூட்டி வந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும்.

நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவர்கள் பென்சில்வேனியா மலையில் கட்டிய ஊர் அது. சரிந்த மரக்கூரைகள், சன்னலுக்குச் சன்னல் பூந்தொட்டி, கூர்கோபுரம் வைத்த கல் சர்ச். காலண்டர் படத்துக்குள் வேனை ஓட்டிக்கொண்டு போவது போலிருந்தது.

"டாடி, வேர் ஆர் தி கௌஸ்?" என்றாள் ஆறு வயசுப் பிரீத்தி.

"மாடெல்லாம் லீவுல போயிருச்சு கண்ணு."

ஊருக்கு மேலே, மலை முதுகில், பழைய ஹோட்டல் நின்றது. ஒரு காலத்தில் நியூயார்க் பணக்காரர்கள் கோடைக்கு வந்து தங்கிய இடம். இப்போது இலை நிறம் மாறும் ஒரு மாதம் மட்டும் வேடிக்கை பார்ப்பவர்களுக்காகத் திறப்பார்கள். வேன் மேலே ஏற ஏறப் பனிமூட்டம் கூடவே ஏறியது. கதவைத் திறந்து இறங்கியதும் ஈர மரவாடையும், அதற்கடியில் பழைய சவுக்கார வாடையும் மூக்கில் ஏறின. எங்கோ துணி துவைத்து உலர்த்தாமல் விட்டது போல.

அந்த மலையில் ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை என்பதை வசந்தாமணி அப்போதுதான் கவனித்தாள்.

ஹோட்டலைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளைக்கார அம்மாள் வாசல் கூடத்தைச் சுற்றிக் காட்டினாள். பெரிய இரட்டைக் கதவு ஒன்றின் முன்னால் வந்ததும் நிற்காமல் கடந்து போனாள். அது சாப்பாட்டுக்கூடமாம். அதை யாருக்கும் திறப்பதில்லையாம். கோபாலசாமி விடவில்லை, கேள்வி மேல் கேள்வி போட்டு விஷயத்தைக் கறந்து தமிழில் சொன்னான்.

"அண்ணி, அந்தக் காலத்துல நவம்பர் வந்தா ஹோட்டலை மூடிட்டு எல்லாரும் மூணு வண்டியில கீழ இறங்கிடுவாங்களாம். துணி துவைக்கிற கிழவி ஒருத்தி. ஸ்விட்சர்லாந்துலேருந்து புதுசா வந்தவ, இங்கிலீஷ் தெரியாது. இவ அந்த வண்டியில வர்றான்னு இவங்க, இந்த வண்டியில வர்றான்னு அவங்க. ஒருத்தரும் தலையை எண்ணலை. அன்னைக்கே பனி கொட்டி ரோடு மூடிடுச்சு. ஸ்டோர் ரூம் சாவி முதலாளி பாக்கெட்ல."

"அப்புறம்?"

"ஒரு மாசம் கழிச்சு வந்து பார்த்தா, இந்த ரூம்ல டேபிள்ல உக்காந்திருந்தாளாம். முன்னாடி தட்டு, ஸ்பூன், மடிச்ச துணி எல்லாம் எடுத்து வெச்சுக்கிட்டு. காலித் தட்டு."

"சும்மா இருப்பா, குழந்தை இருக்கா" என்று குமாரசாமி அதட்டினான்.

வசந்தாமணி அந்தக் கதவையே பார்த்தாள். ஈரோட்டு வீட்டில் அம்மாவும் தனியாகத்தான் இருந்தாள்.

சாப்பாட்டுக்கு ஹோட்டலின் முன் வராந்தாவில் உட்கார்ந்தார்கள். புளிசாதமும் தயிர்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் அலுமினியத் தாள் பொட்டலங்களிலிருந்து வெளிவந்தன. வசந்தாமணி மட்டும் தள்ளிப் போய், மூடிக் கிடந்த ஒரு சன்னலின் அடிக்கட்டையில் காகிதத் தட்டை வைத்து, டப்பாச் சோற்றைக் கவிழ்த்தாள்.

"கா... கா..."

"அமெரிக்கக் காக்கா, இங்கிலீஷ்ல கூப்பிடுங்க அண்ணி" என்றான் கோபாலசாமி, வாய் நிறையப் புளிசாதத்தோடு.

பனிமூட்டம் அசையவில்லை. மூன்று தடவை கூப்பிட்டாள். கடைசியில், அம்மா வருஷா வருஷம் சொல்கிற வார்த்தையைத்தான் அவளும் சொன்னாள். சொந்தம் பந்தம் இல்லாதவர்களுக்கும் அன்றைக்கு ஒரு பிடி உண்டு என்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

"ஆளில்லாம போனவங்க யாரா இருந்தாலும், பசியோட இருந்தா வந்து சாப்பிடுங்க."

சன்னலுக்கு உள்ளே ஒரு நாற்காலி நகர்ந்தது.

எலியாக இருக்கும் என்று நினைத்தாள். தூசி படிந்த கண்ணாடி வழியே ஒன்றும் தெரியவில்லை. குனிந்து தட்டைப் பார்த்தாள்.

சோற்றில் மூன்று விரல் அள்ளிய பள்ளம்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொரு பள்ளம் விழுந்தது.

அவளுக்குப் பயம் வரவில்லை. கண்ணில் நீர்தான் வந்தது. "அம்மா" என்றாள் மெதுவாக. "மெதுவாச் சாப்பிடும்மா. நெறைய இருக்குது."

பின்னால் செருப்புச் சத்தம். குமாரசாமி வேகமாக வந்தான்.

"என்ன வசந்தா, போர்டு பாக்கலையா? மிருகத்துக்குத் தீனி வெச்சா ஃபைனாம். அந்தம்மா வர்றாங்க பாரு!"

"ஏனுங்க, எடுக்காதீங்க. சாப்பிட்டுட்டு..."

அவள் கை நீள்வதற்குள் தட்டைச் சோற்றோடு மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டான்.

நல்ல மனிதன்தான் குமாரசாமி. பிச்சைக்காரனைக்கூட வாசலில் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. ஆனாலும் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பிடுங்குவது, அறிந்து செய்தாலும் அறியாமல் செய்தாலும், பிடுங்கியதுதான்.

உள்ளே நாற்காலி பின்னுக்குத் தள்ளப்பட்டது. யாரோ எழுந்து நின்றது போல.

சவுக்கார வாடை குப்பென்று வீசியது.

"பிரீத்தி எங்கே?" என்றாள் வசந்தாமணி.

ஒரு நிமிஷம் முன்னால் கோபாலசாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வறுவல் தின்றுகொண்டிருந்தவள். பொட்டலம் திறந்தபடி கிடந்தது. குழந்தை இல்லை.

வராந்தாவைச் சுற்றினார்கள். வேனுக்கு அடியில் பார்த்தார்கள். "பிரீத்தி! பிரீத்தீ!" பனிமூட்டம் கூப்பிட்ட பெயரைத் தின்றுவிட்டு வெறுமனே நின்றது. வாசல் கூடத்துக்குள் ஓடிய வசந்தாமணி, அந்த இரட்டைக் கதவின் மேல்பாதிக் கண்ணாடியில் முகத்தை வைத்தாள்.

நீளமான மேஜை. இரண்டு பக்கமும் நாற்காலிகள். நடுவில் ஒன்றில் பிரீத்தி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அவள் முன்னால் ஒரு பீங்கான் தட்டு, ஸ்பூன், மடித்த துணி.

காலித் தட்டு.

குழந்தையின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. மென்றுகொண்டிருந்தாள்.

வெள்ளைக்கார அம்மாளின் கையிலிருந்து சாவி இரண்டு முறை கீழே விழுந்தது. வசந்த காலத்துக்குப் பிறகு இந்தப் பூட்டைத் திறக்கவேயில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கதவு திறந்ததும் உள்ளேயிருந்து வந்த குளிர், பனிக்காலத்துக் குளிர்.

"கண்ணு, வா போலாம்."

பிரீத்தி திரும்பவில்லை. "ஐ கான்ட், மம்மி. ஷீ வெயிட்டட் ஸோ லாங். நௌ இட்ஸ் மை டர்ன் டு வெயிட்."

குமாரசாமி அவளை அள்ளித் தூக்கப் போனான்.

முடியவில்லை.

இருபது கிலோக் குழந்தை. இரண்டு அக்குளிலும் கை கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். கோபாலசாமியும் பிடித்தான். நாற்காலியோடு சேர்த்துத் தரையில் ஆணி அடித்த மாதிரி இருந்தாள். கன்னத்தைத் தொட்ட குமாரசாமி கையை உதறிக்கொண்டான், அவ்வளவு சில்லிப்பு. அவர்கள் கண்ணெதிரிலேயே குழந்தையின் கன்னம் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. மணிக்கட்டு எலும்பு தெரிய ஆரம்பித்தது. ஒரு மாதப் பட்டினி ஒவ்வொரு நிமிஷத்திலும் ஏறிக்கொண்டிருந்தது.

"முருகா, முருகா" என்று குமாரசாமி அழுதான். "வசந்தா, ஏதாச்சும் பண்ணு."

வசந்தாமணி மேஜையின் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தாள். பிரீத்திக்கு நேர் எதிரே ஒரு நாற்காலி மட்டும் இழுத்துப் போடப்பட்டிருந்தது.

வந்தது அம்மா இல்லை. அது அவளுக்கு இப்போது புரிந்தது. ஆனால் கூப்பிட்டது அவள்தான். சாப்பிட வாங்க என்று சொன்ன வாய் அவளுடையது.

வராந்தாவுக்கு ஓடித் தனக்கென்று வைத்திருந்த பொட்டலத்தையும் தண்ணீர் பாட்டிலையும் கொண்டுவந்தாள். அந்தக் காலி நாற்காலிக்கு முன்னால் புதுத் தட்டை வைத்துத் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். பிறகு கரண்டியைக் கணவனிடம் நீட்டினாள்.

"நீங்க போடுங்க."

"நானா?"

"எடுத்த கைதானுங்க போடணும். விருந்தாளிக்குப் போடற மாதிரிப் போடுங்க. மன்னிப்புக் கேட்டுட்டுப் போடுங்க."

குமாரசாமி கரண்டியை வாங்கினான். "தெரியாமப் பண்ணிட்டனுங்க" என்றான் காற்றைப் பார்த்து. "மன்னிச்சுக்குங்க. சாப்பிடுங்க."

தயிர்சாதம் தட்டில் விழுந்தது.

சோறு குறைந்தது. யாரும் எடுக்கவில்லை. குறைந்தது.

"இன்னும் போடுங்க" என்று கிசுகிசுத்தாள் வசந்தாமணி. அந்தக் காலி நாற்காலிக்கு எதிரில் நின்று, கல்யாணப் பந்தியில் விசாரிப்பது போல விசாரித்தாள். "வறுவல் வெச்சுக்குங்க. காரம் இருக்குமுங்க, தயிர்ல தொட்டுக்குங்க." அந்தக் கிழவிக்குத் தமிழ் தெரியாது. இங்கிலீஷும் தெரியாது. ஆனால் அவளிடம் இப்படி ஒருவர் பேசி நூறு வருஷமாகியிருக்கும்.

மூன்றாம் தடவை போட்டபோது, கரண்டியிலிருந்து விழுந்த சோறு தட்டுக்கு ஒரு விரற்கடை மேலேயே நின்று, எதன் மேலோ பட்டுச் சரிந்தது. போதும் என்று ஒருவர் கையால் தட்டை மறைத்தால் எப்படிச் சரியுமோ அப்படி.

"அம்மா" என்றாள் பிரீத்தி. "பசிக்குது."

குமாரசாமி அவளைத் தூக்கினான். பூ மாதிரி வந்தாள்.

கோபாலசாமி வேனைக் கீழே இறக்கினான். பிரீத்தி மூன்று வாழைப்பழம் தின்றுவிட்டு அம்மா மடியிலேயே தூங்கிப்போனாள். டாக்டர் பார்த்துவிட்டு, ஒரே வாரத்தில் இத்தனை எடை எப்படிக் குறைந்தது என்று கேட்டார். ஒரே நிமிஷத்தில் என்று அவர்கள் சொல்லவில்லை. பதினைந்து நாளில் கன்னம் பழையபடி உப்பியது. அந்தச் சனிக்கிழமை மாலையே பிளெய்ன்ஸ்பரோ பால்கனிக்கு ஒரு காக்கை வந்தது. வசந்தாமணி அம்மாவுக்குப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகே சாப்பிட்டாள். எல்லாம் முடிந்தது என்று நம்பினாள்.

நவம்பர் கடைசியில் ஒரு பகல். குமாரசாமி ஆபீஸில், பிரீத்தி பள்ளியில். டிபென்டன்ட் விசாவில் வந்தவளுக்கு வேலைக்குப் போகவும் வழியில்லை. பகல் முழுக்க வீட்டில் அவள் ஒருத்திதான். தபால் எடுக்கக் கீழே இறங்கியபோது எதிர் பில்டிங் லிண்டா நிறுத்திப் பேசினாள். தினமும் நாயோடு அந்த வழியாக நடப்பவள். நல்ல மனசுக்காரி.

உங்கள் வீட்டுக்குப் பாட்டியம்மா ஒருவர் வந்திருக்கிறாரே, எப்போது வந்தார் என்று கேட்டாள். நீ சன்னலோரம் நின்று சமைக்கும்போதெல்லாம் உன் பின்னாலேயே நிற்கிறார், நான் கையாட்டினால்கூடப் பார்ப்பதில்லை, உன் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றாள்.

வசந்தாமணிக்குக் கையிலிருந்த கடிதங்கள் கனத்தன.

லிண்டா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தப்பாக நினைக்காதே. ரொம்ப மெலிந்திருக்கிறார். நேரத்துக்குச் சாப்பாடு கொடுக்கிறீர்களா?"

மணி ஒன்றரை. பிரீத்தி மூன்று மணிக்கு வந்துவிடுவாள்.

படியேறினாள். கதவைச் சாத்தினாள். அரிசியை அளந்து, ஒரு டம்ளர் கூடப் போட்டுக் களைந்தாள். கந்தர் சஷ்டி கவசத்தின் வரிகள் பாதி பாதியாக வாயில் வந்து நின்றன.

"இன்னைக்குக் கொஞ்சம் நேரமாயிருச்சுங்க" என்றாள், திரும்பாமல். "கோவிச்சுக்காதீங்க. அரை மணி நேரத்துல ஆயிரும். குழந்தையை மட்டும் ஒண்ணும் செஞ்சிராதீங்க."

குக்கரை அடுப்பில் ஏற்றினாள். குக்கர் கொதிக்கும் சத்தம் மட்டும்.

வெளியே பனி விழ ஆரம்பித்திருந்தது. சன்னல் கண்ணாடி சில்லிட்டுக் கிடந்தது. அவள் மூச்சுக்காற்று அதில் வெள்ளையாகப் படிந்து, மெல்ல மறைந்து, திரும்பவும் படிந்தது.

அவள் தோளுக்கு மேலே, ஒரு சாண் தள்ளி, இன்னொரு மூச்சும் படிந்தது.