ஐந்து அட்டையில் ஒரு சொல்

எங்கள் டச்சு மொழிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சும்மா இருக்கும் சொற்களைப் பிடித்து ஒட்டவைத்துவிடும். மாலை, நான்கு, நாள் என்ற மூன்றையும் ஒட்டி 'அவொண்ட்வியர்டாக்செ' என்று ஒரே சொல் ஆக்கியிருக்கிறோம். ஊரே கூடி நான்கு நாள், மாலை நேரத்தில் தினமும் ஐந்து கிலோமீட்டர் நடப்பதற்குத்தான் இந்தப் பெயர். நான்கு நாளும் முழுதாக நடந்தால்தான் பதக்கம்.

கைதட்டிக்கொண்டே சொன்னால் அந்தச் சொல்லுக்கு ஐந்து தட்டு விழும். அ, வொண்ட், வியர், டாக், செ. தட்டுக்கு ஓர் அட்டை எழுதி, ஆளுக்கு ஒன்றாகக் கழுத்தில் மாட்டி, கடைசி நாளில் வரிசையாக நடக்கலாம் என்றேன். யோசனை என்னுடையது. அதனால் தலைவலியும் என்னுடையதாகிவிட்டது.

கடைசி நாள் கிளம்பும்போது முதலில் 'அ' அட்டையோடு நான். நடுவில் என் நண்பர்கள் மக்டெல்ட், ருட்கர், பிராம். கடைசியில் 'செ' அட்டையோடு என் தம்பி வீபெ. அவனுக்கு ஏழு வயது.

கால்வாய்க்கரைப் பாதையில் சைக்கிள்கள் போக வழி விட்டு, ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் 'செ'யைக் காணோம்.

"வீபெ, சீக்கிரம் வாடா," என்று கத்திக் கத்தித் தொண்டை வறண்டது.

பாலத்தடியில் நின்ற ஒரு தாத்தா எங்கள் அட்டைகளை வாசித்துவிட்டு, "வாலை எங்கம்மா விட்டுட்டு வந்தீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது.

பாதி வழியில் பழச்சாறு கொடுக்கும் இடம் வந்தது. வீபெ புல்லில் உட்கார்ந்தான். இந்த நடையில் பிள்ளைகள் எல்லோரும் வைத்திருப்பதுபோல, எலுமிச்சம்பழத்தில் செருகிய பெப்பர்மின்ட் மிட்டாயை உறிஞ்சிக்கொண்டே, "நான் வரல," என்றான்.

"பதக்கம் வேண்டாமா?"

"வேண்டாம்."

பதக்கத்தை மாட்டக் கட்டிலுக்கு மேலே போன வாரமே ஆணி அடித்து வைத்தவன் இவன். இன்னும் இரண்டரை கிலோமீட்டர்தான் பாக்கி. எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"ஏன்டா இப்படி உயிரை வாங்குற?"

"நீங்கல்லாம் நடக்குறீங்க. நான் மட்டும் கெளம்புனதுலேர்ந்து ஓடுறேன்."

யோசித்துப் பார்த்தேன். முன்னால் போகிற நான் என் வேகத்தில் நடந்தேன். யாராவது ஷூ நாடா கட்ட நின்றால், பின்னால் இருப்பவன் ஓடித்தான் பிடிக்க வேண்டும். கடைசியில் நின்றது எங்களில் மிகக் குட்டையான கால்கள். நிறுத்தி வைத்தது நான்.

"சரி, முன்னாடி வா. அட்டைய மாத்திக்கலாம். இந்தா, நீ 'அ' போட்டுக்கோ," என்றேன்.

"மாட்டேன். என் அட்டைல தவளை வரைஞ்சிருக்கேன்."

"அப்போ வார்த்தை 'செ'ல ஆரம்பிக்கும்டி, நாறிடும்," என்றாள் மக்டெல்ட்.

அந்தச் சொல்லுக்காக இரண்டு நாள் உட்கார்ந்து வண்ணம் அடித்திருக்கிறேன். ஒரு எழுத்துகூடக் கோணவில்லை. தவளையைப் பார்த்தேன். அதைத் தவளை என்று அவன் சொன்னால்தான் தெரியும்.

"நாறட்டும். வீபெ, நீ முன்னாடி நட. உன் வேகந்தான் எங்க வேகம்," என்றேன்.

மற்ற மூவரும் முணுமுணுத்துக்கொண்டே வரிசையை அப்படியே பின்னிருந்து முன்னாகத் திருப்பினார்கள். நான் கடைசிக்குப் போனேன்.

ஊருக்குள் நுழைந்தபோது தெருவின் இரண்டு பக்கமும் கூட்டம். நடந்து வருபவர்களுக்குக் கொடுக்கப் பூங்கொத்து வைத்திருந்தவர்கள் எங்களை ஒவ்வொரு அட்டையாகச் சத்தம் போட்டு வாசித்தார்கள்.

"செ, டாக், வியர், வொண்ட், அ. எந்த நாட்டுப் பாஷை இது?"

"புள்ளைங்க ஸ்கூலுக்குப் போகுதா இல்லையா?"

காது சூடாகிவிட்டது. பதில் சொல்லலாம் என்றால் அதற்கும் நேரமில்லை. கடைசியில் இருப்பவள் ஓட வேண்டியிருக்கிறதே. வீபெயோ தவளையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, நகரசபைத் தலைவரைப் போலக் கையசைத்தபடி நடந்தான்.

முடிவுக் கோட்டில் முதல் பதக்கம் அவன் கழுத்தில் விழுந்தது. பூவோடு காத்திருந்த அம்மா, மூச்சு வாங்க வந்து சேர்ந்த என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னடி யோரிண்டெ, வார்த்தைய இப்படித் தலைகீழாக் கவுத்துட்டீங்க?"

"கவுந்தா கவுந்துட்டுப் போகுதும்மா," என்றேன். "அஞ்சும் வந்து சேந்துச்சுல்ல."