தந்திக்கும் விரலுக்கும் நடுவில்

மொன்றியலை ஒட்டிய கர்க்லாண்டில் அந்த வீட்டைக் கண்டுபிடிக்க வலன்ரைனுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. மாசி மாதத்துச் சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. தெருவோரம் இடுப்பளவு பனி குவிந்து கிடந்தது. மணியை அழுத்தியபோது முன்கதவு திறக்கவில்லை. பக்கத்திலிருந்த கராஜின் கதவுதான் உறுமிக்கொண்டு மேலே எழுந்தது. உள்ளே நின்ற மனிதர் பாத்திரம் கழுவும் மஞ்சள் கையுறைகளைப் போட்டிருந்தார்.

"வலன்ரைனோ?"

"ஓம் அண்ணை. கிற்றார் விசயமா நேற்று மெசேச் போட்டனான்."

"நான் இரவிச்சந்திரன். இஞ்சதான் வைச்சிருக்கிறன்."

ஒரு மூலையில், பனி வழிக்கும் மண்வெட்டிகளுக்குப் பின்னால், கறுப்புக் குப்பைப் பையால் சுற்றி நாடா ஒட்டிய பெட்டி ஒன்று சாய்ந்து நின்றது. அவர் அதைப் பிடித்துத் தூக்கவில்லை. காலால் நகர்த்தி வாசலுக்குக் கொண்டுவந்தார்.

"ஆற்ற கிற்றார் அண்ணை?"

"என்ர தம்பியின்ர. சிவராசா. அவன் ஐப்பசியில மோசம் போயிட்டான்."

"ஐயோ. ஏதும் நோய் வருத்தமோ?"

"ஓம், கனகாலமா." அவர் தெருவைப் பார்த்தபடியே சொன்னார். "நீங்கள் கொண்டுபோனாக் காணும். எனக்கு ஒண்டும் தர வேண்டாம்."

வலன்ரைன் மன்னாரில் பிறந்தவன். மொன்றியல் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் போர்க்லிப்ட் ஓட்டுகிறான். ஒன்பது வருடமாக அவனுக்கு ஒரே ஒரு பைத்தியம். யாரோ கைவிட்ட கிற்றார்களைத் தேடிப் பிடித்து, வளைந்த கழுத்தை நிமிர்த்தி, தந்திகளின் உயரத்தைப் பதித்து, புதுத் தந்தி பூட்டி வாசித்துப் பார்ப்பது. பியர்பொன்ட்ஸில் அவனுடைய வீட்டு நிலவறைச் சுவரில் பதினொரு கிற்றார்கள் தொங்கின. வீட்டுக்குப் போகும் வழியிலேயே பன்னிரண்டாவதுக்கு ஆணி அடிக்க வேண்டிய இடத்தை அவன் மனதில் குறித்துவிட்டான்.

நிலவறையில் பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது மணம்.

ஈரத்தோடு மடித்து மறந்துபோன துவாய்த் துண்டின் மணம். அதற்கு அடியில் பழைய தேங்காயெண்ணெய். அதற்கும் அடியில், ஆஸ்பத்திரிக் களிம்பும் காதுக் குறும்பியும் கலந்ததுபோல இனிப்பான ஒரு நாற்றம். வலன்ரைன் முகத்தைத் திருப்பி இரண்டு தரம் மூச்சுவிட்டான். பிறகு விளக்கைக் கிட்ட இழுத்தான்.

நல்ல மரம். முகப்பு தேன் நிறத்தில் பழுத்திருந்தது. முதுகில் ரோஸ்வுட்டின் கருஞ்சிவப்பு வரிகள். ஆனால் விரல் பதியும் பலகையில் மரமே தெரியவில்லை. உலோகப் பட்டிகளுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் மெழுகுபோல ஏதோ ஒன்று தடித்துப் படிந்திருந்தது. எந்தப் பழைய கிற்றாரிலும் கொஞ்சம் இருக்கும். வியர்வையும் எண்ணெயும் செத்த தோலும் சேர்ந்த அழுக்கு. அவன் எத்தனையோ தரம் சுரண்டியிருக்கிறான். இவ்வளவு அவன் கண்டதில்லை.

துருப்பிடித்த தந்திகளை வெட்டி எறிந்துவிட்டு, பழைய வங்கி அட்டை ஒன்றால் சுரண்டினான். அழுக்கு சுருள் சுருளாக எழும்பியது. சீஸ் சீவுவதுபோல. சுருள்களில் குட்டை மயிர்கள் ஒட்டியிருந்தன.

வட்டத் துளைக்குள் சிறு கண்ணாடியை விட்டு, கைவிளக்கைப் பிடித்துப் பார்த்தான். உள்ளே அடி முழுக்க வெள்ளையாக ஏதோ பரவிக் கிடந்தது. கிற்றாரைக் கவிழ்த்துக் குலுக்கினான். பத்திரிகைத் தாளில் செதில் செதிலாகக் கொட்டியது. காய்ந்த தேங்காய்ப்பூ என்றுதான் முதலில் நினைத்தான். ஒன்றை விரலால் எடுத்துப் பார்த்தான். அதில் கைரேகை இருந்தது.

அவன் ஓடிப்போய்த் தொட்டியில் குனிந்தான். ஓங்காளித்ததே தவிர ஒன்றும் வரவில்லை.

"இஞ்சாருங்கோ, என்ன மணக்குது?" படியின் பாதியில் நின்று அவன் மனைவி நிரஞ்சனி மூக்கைப் பொத்தினாள். அவள் ஒரு கார்தெரியில், குழந்தைகள் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளைப் பார்ப்பவள். சாதாரணமான எந்த நாற்றத்துக்கும் முகம் சுளிக்காதவள்.

"ஒண்டுமில்லை. பழைய பெட்டி. நீர் மேல போம்."

வக்கியூமால் உள்ளே உறிஞ்சினான். பலகையை எலுமிச்சை எண்ணெயும் இரும்புப் பஞ்சும் போட்டுத் தேய்த்தான். மரம் கறுத்துப் பளபளத்தது. கழுத்துக்குள் இருக்கும் கம்பியைக் கால் சுற்று முறுக்கி நிமிர்த்தினான். தந்திகளைத் தாங்கும் எலும்புத் துண்டை அடியில் கொஞ்சம் அராவி உயரம் குறைத்தான். புதுத் தந்தி ஆறும் பூட்டிச் சுருதி சேர்த்து, ஒரு தரம் மீட்டினான்.

அவன் வாழ்க்கையில் அப்படி ஒரு நாதம் அவன் கையிலிருந்து வந்ததில்லை. அடித்தந்தியின் அதிர்வு நெஞ்செலும்புக்குள் இறங்கியது. அவனுடைய பதினொரு கிற்றாரும் தகரப் பேணிகள் என்று தோன்றியது. நாற்றம் மறந்துபோயிற்று. தபசு காலம் தொடங்கினால் பங்குக் கோயிலில் பாடகர் குழுவோடு இதைத்தான் வாசிப்பது என்று தீர்மானித்தான்.

அடுத்த நாள் கோயிலால் வந்து நிலவறைக்குப் போனான்.

பலகையில் அழுக்கு திரும்பவும் இருந்தது.

மெல்லிய படலம்தான். ஆனால் எல்லாக் கட்டங்களிலும், முன்பு இருந்த அதே இடங்களில். நேற்றுப் பூட்டிய தந்திகள் கறுத்து, அடிப்பக்கம் பஞ்சு ஒட்டியதுபோல இருந்தன. மாசி மாதத்தில் ஹீட்டர் காற்றில் மரமெல்லாம் காய்ந்து வெடிக்கும் என்று அவன் நிலவறையில் ஈரப்பதன் இயந்திரம் வைத்திருப்பவன். அந்தக் காய்ந்த காற்றிலும் இந்தக் கிற்றாரின் கழுத்து வியர்த்திருந்தது. ஈரம் ஓர் உள்ளங்கையின் வடிவத்தில் இருந்தது.

எண்ணெய் கூடிவிட்டதாக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு துடைத்தான். திங்களும் துடைத்தான். செவ்வாயும் துடைத்தான். துடைத்துவிட்டு ஒவ்வொரு நாளும் வாசித்தான். அதை விட முடியவில்லை.

செவ்வாய் பின்னேரம் வாசித்துக்கொண்டிருந்தபோது, தந்தியை அழுத்திய விரலின் கீழே ஏதோ மெத்தென்று இருந்தது.

அவன் விரலும் தந்தியும் நேராகத் தொடவில்லை.

நடுவில் இன்னொன்று. வழுவழுப்பாக, இளஞ்சூடாக, ஊறிய அவரை விதைபோல. அவன் விரலை எடுத்தான். தந்தி எழும்பவில்லை. யாரும் அழுத்தாமலே அழுந்தியபடி இருந்தது.

பிறகு மெல்ல எழும்பியது.

அன்றிரவுச் சாப்பாட்டில் அவன் சோற்றைக் கரண்டியால் அள்ளினான். சவர்க்காரம் போட்டு ஐந்து தரம் கழுவியும் விரல் நகத்துக்குள் அந்த இனிப்பு நாற்றம் நின்றது. மீன்குழம்பும் அப்படியே மணத்தது.

"கையால பிசைஞ்சு சாப்பிடுங்கோவன். என்ன, வெள்ளைக்காரன் ஆகிட்டியளோ?" என்று நிரஞ்சனி சிரித்தாள்.

அவன் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தான்.

புதன்கிழமை விடுமுறை எடுத்து, தந்திகளைத் திரும்பவும் மாற்றினான். தந்தியின் குண்டு முனையைத் துளைக்குள் இறக்கி முளையால் அழுத்திய பிறகு, குண்டு சரியாகப் பிடித்திருக்கிறதா என்று வட்டத் துளைக்குள் கைவிட்டுத் தடவிப் பார்ப்பது அவன் வழக்கம். முழங்கை வரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு கையை உள்ளே விட்டான். மரம். மரத்தின் குறுக்குச் சட்டம். அதற்கு அங்கால் குண்டு.

குண்டுக்குப் பக்கத்தில் ஒரு விரல்.

அவன் அசையாமல் நின்றான்.

அது அவன் சுட்டுவிரலைத் தொட்டது. தோல் உரிந்த, ஈரமான விரல். பிறகு இன்னொன்று. பிறகு மூன்றாவது. அவை அவனைப் பற்றி இழுக்கவில்லை. பிள்ளை ஒன்று நித்திரையில் பிடிப்பதுபோல, மெதுவாகச் சுற்றிக்கொண்டன.

கத்திக்கொண்டு கையை உருவினான். துளையின் விளிம்பில் புறங்கை கிழிந்தது. விரல்களில் வெள்ளைச் செதில்கள் ஒட்டியிருந்தன. இந்த முறை தொட்டிக்குப் போக நேரமில்லை. தன் சப்பாத்தின் மேலேயே சத்தி எடுத்தான்.

ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கியிருந்தது. கர்க்லாண்டில் கராஜ் கதவு மேலே எழுந்தபோது இரவிச்சந்திரன் பெட்டியைக் கண்டு ஓரடி பின்னால் போனார்.

"இதை ஏன் கொண்டு வந்தனீர்?"

"உங்கட தம்பிக்கு என்ன வருத்தம்? உண்மையைச் சொல்லுங்கோ."

அவர் வீட்டுக்குள் போகும் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினார். "தோல் வருத்தம். உடம்பு முழுக்க உரியும், கசியும். தொற்றாது எண்டுதான் டொக்டர் சொன்னவர். ஆனா வீட்டில பெண்சாதிக்கு அருவருப்பு. எனக்கும்தான், என்னத்துக்குப் பொய். கீழ பேஸ்மென்ற்றில விட்டிட்டம். சாப்பாட்டைப் படியில வைப்பம். பேந்து கோப்பையைத் தூக்கி எறியிறது. கடதாசிக் கோப்பைதானே."

"எத்தினை வருசம்?"

"பதினொண்டு. அவன் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அதை வாசிச்சுக்கொண்டே இருப்பான். ஒருநாள் சத்தம் நிண்டுபோச்சு. நித்திரை எண்டு நினைச்சம். ரெண்டாம் நாள்தான் இறங்கிப் பாத்தனான்." அவர் சாத்திய கதவை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். "மடியில கிற்றார். கை அதோட ஒட்டிப்போச்சு. வந்த ஆக்கள் இழுத்துப் பிரிக்கேக்க..."

"போதும் அண்ணை."

"பதினொரு வருசமா அவனை ஒருத்தரும் தொடேல்லை, தம்பி. செத்த பிறகும் சவப்பெட்டியை மூடித்தான் தந்தவங்கள். நான் திறக்கச் சொல்லேல்லை."

வலன்ரைனுக்கு அருவருத்தது. கிற்றாரின் நாற்றத்தை நினைத்தல்ல. சுத்தமாகச் சவரம் செய்து, வாசனை பூசிக்கொண்டு எதிரில் நின்ற இந்த மனிதரின் முகத்தைப் பார்த்து. காறித் துப்ப வேண்டும்போல வாய் ஊறியது.

"உங்கட தம்பியின்ர சாமான். நீங்களே வைச்சிருங்கோ," என்றான்.

"ஐயோ, இஞ்ச வைக்காதையும்! உமக்குப் புண்ணியமாப் போகும், எங்கயாவது கொண்டுபோய் எறியும்."

பெட்டியைக் கீழே வைக்கக் குனிந்தபோதுதான் வலன்ரைன் தன் கைகளைக் கண்டான். வீட்டைவிட்டு வெளிக்கிடும்போது நிரஞ்சனியின் சமையலறைக் கையுறைகளை மாட்டிக்கொண்டு வந்திருந்தான். பெட்டியைக் குப்பைப் பையால் சுற்றி நாடாவும் ஒட்டியிருந்தான்.

முதல் நாள் அவர் நின்ற மாதிரியே இன்று இவனும் நின்றான்.

வலன்ரைன் நிமிர்ந்தான். பெட்டியைப் பனிக்குவியலில் சாய்த்துவிட்டுக் காரில் ஏறினான். ஓட்டத் தொடங்கியதும் கையுறைகளைக் கழற்றி யன்னலால் எறிந்தான். பின்கண்ணாடியில், கராஜின் வெளிச்சத்தில், இரவிச்சந்திரன் காலால் பெட்டியைத் தெருப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். அடுத்த நாள் விடிய நகரசபையின் பனி அள்ளும் வாகனம் வரும். எல்லாவற்றையும் அரைத்து லொறிக்குள் கொட்டிவிட்டுப் போகும்.

வீட்டில் அவன் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. கிற்றாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாக மட்டும் நிரஞ்சனிக்குச் சொன்னான். சிவராசா என்ற பெயர்கூட அவளுக்குத் தெரியாது. வெள்ளியும் சனியும் நிலவறையில் ஒரு நாற்றமும் இல்லை. சனிக்கிழமை மத்தியானம் கையால் பிசைந்து சாப்பிட்டான். ஆனால் வாசிக்க மனம் வரவில்லை. ஞாயிறு பூசைக்குப் பாடகர் குழுவோடு போகாமல், நிரஞ்சனியோடு நடு வரிசை வாங்கில் இருந்தான். அவனுக்கு இடப்பக்கம் அவள். வலப்பக்கம், வாங்கின் கரை வரை, ஒருவரும் இல்லை.

ஒருவருக்கொருவர் சமாதானத்தைத் தெரிவிக்கும்படி சுவாமியார் சொன்னார். கோயில் முழுக்கக் கைகள் நீண்டன. முன்வாங்கிலிருந்த மாக்கிரட் அக்கா திரும்பி வலன்ரைனுக்குக் கைகொடுத்தார். நிரஞ்சனி பின்னாலிருந்தவர்களுக்குக் கொடுத்தாள். பிறகு அவள் அவனுக்கு முன்னால் சற்றுக் குனிந்து, வலப்பக்கத்து வெறுமைக்குக் கையை நீட்டினாள்.

"சமாதானம் அண்ணை," என்றாள் புன்னகையோடு.

அவள் கை காற்றில் நின்றது. மெல்ல மேலும் கீழும் அசைந்தது. யாரோ இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்குவதுபோல.

அவள் கையை எடுத்தபோது அவளுடைய முகம் ஒரு கணம் சுருங்கியது. கைப்பையிலிருந்து ரிஷூத் தாள் ஒன்றை எடுத்து, அடுத்தவருக்குத் தெரியாமல், மடிக்குள் வைத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். ரிஷூவில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

வலன்ரைனின் மூக்கில் தேங்காயெண்ணெய் மணத்தது.

நிரஞ்சனி அவன் காதருகே குனிந்தாள்.

"பாவம், அந்த மனுசன். நீங்கள் ஏன் கை குடுக்கேல்லை?" என்று கிசுகிசுத்தாள். "உங்களுக்குத்தானே முதல் நீட்டினவர். இப்பவும் நீட்டிக்கொண்டுதான் நிக்கிறார்."