கடைசி எட்டு நொடி

"மூக்குப்பொடியை எண்ணெயில குழைச்சுக் காலெல்லாம் தடவிக்குங்க. இங்கிருந்து அட்டைக்காடு," என்றார் லூர்து.

மூடிப்போன கருமந்திமலை எஸ்டேட்டில் முன்பு காவல் பார்த்தவர் அவர். பின்னால் இரண்டு பேர். மாசிலாமணி, பழைய இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்து, பாட்டைத் தன் வலைப்பூவில் இலவசமாகக் கொடுப்பவர். செண்பகவல்லிக்கும் அதே பைத்தியம்தான், வேறு வலைப்பூ. 'என் பாட்டைச் சுட்டுட்டார்' என்று ஏழு வருஷம் இணையத்தில் குடுமிப்பிடிச் சண்டை போட்டவர்கள், இப்போது ஒரே பிஸ்கட் பாக்கெட்டைப் பங்கு போட்டுக்கொண்டு மலை ஏறினார்கள்.

எல்லாம் மாசிலாமணி இழுத்துவிட்ட வினை. திருட்டுக்குப் பயந்து, ஒவ்வொரு பாட்டின் கடைசி எட்டு நொடியிலும் "இது மாசிலாமணி சேகரிப்பு" என்று தன் குரலை ஏற்றிவிடுவார். ஒரு நாடகப் பாட்டுக்கும், முழுசாகக் கேட்காமலே, அப்படிச் செய்தார். தட்டின் லேபிளைப் பூச்சி அரித்திருந்தது. பாடிய பெண் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. பிறகு வீடு மாற்றும்போது தட்டு உடைந்தது. குரல் ஏற்றாத பிரதியும் பழுதான கணினியோடு போய்ச் சேர்ந்தது.

அதற்கப்புறம்தான் செண்பகவல்லி எழுதினாள்: "உங்க குரலுக்கு அடியில அந்தம்மா தன் பேரைச் சொல்றாங்க சார்."

மனுஷருக்குத் தூக்கம் போயிற்று. உடைந்த தட்டில் பொறித்திருந்த எண்ணை வலைப்பூவில் போட்டுக் கெஞ்சினார். கருமந்திமலை எஸ்டேட் கிளப் அலமாரியில் அதே எண்ணில் இன்னொரு தட்டைப் பார்த்ததாக ஒரு வாசகர் பதில் போட்டார். அடுத்த வாரம் கிளப்பை இடிக்கப்போகிறார்கள் என்றும் எழுதியிருந்தார்.

ஓடையைத் தாண்டி, மூங்கிலை வெட்டி வழி பண்ணி, மதியம் கிளப்பை அடைந்தார்கள். பாதிக் கூரை தரையில் கிடந்தது. மாசிலாமணி ஆர்வத்தில் காலை வைத்தார். உளுத்த மரத்தரையில் கால் முழங்கால் வரை உள்ளே போனது.

"ஓரமா வாங்கன்னு இப்பத்தானே சொன்னேன்," என்று லூர்து இழுத்துவிட்டார்.

அலமாரியில் நாற்பது தட்டுகள். ஒவ்வொன்றாகத் துடைத்து எண்ணைப் பார்த்தார்கள். முப்பத்தேழாவது அதுதான்! ஆனால் விளிம்பிலிருந்து பாதி வரை விரிசல்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"ஓடையில தண்ணி ஏறுது. இப்பவே கிளம்பணும்," என்றார் லூர்து.

"வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாப் போடலாம் சார்," என்றாள் செண்பகவல்லி.

"வேண்டாம்மா. போனதடவை நிதானமா வச்சுத்தான் உடைச்சேன். ரெண்டே நிமிஷம் குடுங்க லூர்து."

முதுகில் சுமந்து வந்த பேட்டரி பிளேயரை விரித்தார். விரிசல் எட்டாத கடைசிச் சுற்றுகளில் முள்ளை வைத்தார். செண்பகவல்லி பதிவுக்கருவியை அழுத்தினாள். பாட்டு முடிந்தது. ஒரு கனைப்பு. பிறகு தெளிவாக ஒரு குரல்:

"திருமங்கலம் சிவபாக்கியம். ஆர்மோனியம் என் தங்கச்சி குருவம்மா."

ஒருத்தி இல்லை, இரண்டு பேர். மாசிலாமணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு வெட்கமாக இருந்தது. லூர்து கையைப் பிடித்துக் கிளப்பவேண்டியிருந்தது.

ஓடையில் இடுப்பளவு வெள்ளம். கயிற்றைப் பிடித்துக் கடக்கையில் மாசிலாமணி வழுக்கினார், பை பாறையில் மோதியது, தட்டு மூன்று துண்டாயிற்று. பதிவுக்கருவி செண்பகவல்லியின் தலையில், பிளாஸ்டிக் பைக்குள் பத்திரமாகக் கரை சேர்ந்தது.

பழைய பிரதியையும் இந்த எட்டு நொடியையும் அவளே ஒட்டிக் கொடுத்தாள். அடுத்த ஞாயிறு பாட்டு முழுசாக வெளியானது, இரண்டு வலைப்பூக்களிலும். எந்த முத்திரைக் குரலும் இல்லை. மாசிலாமணி கீழே மூன்றே வரி எழுதியிருந்தார்.

பாடியவர்: திருமங்கலம் சிவபாக்கியம்.
ஆர்மோனியம்: குருவம்மா.
இத்தனை நாள் இவர்களை மறைத்தவர்: மாசிலாமணி.

செண்பகவல்லி போன் பண்ணினாள். "மூணாவது வரியை எடுத்துடுங்க சார். நல்லாவா இருக்கு?"

"இருக்கட்டும்மா. அறுநூறு பாட்டுல தேவையில்லாம என் பேரைப் போட்டேன். இது ஒண்ணுலதான் போட வேண்டியிருக்கு."